மலர்வளையம் வாடிய பிறகு: வீரமரணமடைந்தவர் குடும்பத்துக்குத் தலைவர்கள் என்ன செய்ய வேண்டும்?

செங்கம் வாத்தியார் (இழையைத் தொடங்கியவர்):

வணக்கம். நேற்று டிவியில் ஒரு ராணுவ வீரரின் இறுதிச்சடங்கைக் காட்டினார்கள். பெட்டியின் தலைமாட்டில் அமைச்சர், கால்மாட்டில் எம்.எல்.ஏ., சுற்றிலும் கேமரா. அவருடைய மனைவி எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று தேடித் தேடிப் பார்த்தேன், கடைசிவரை தெரியவில்லை. அதைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்த இழை.

என் அக்கா வீட்டுக்காரர் ராணுவத்தில் நாயக்காக இருந்தார். காஷ்மீரில் இறந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. மாமாவின் உடல் வந்த அன்று எங்கள் தெருவில் கால் வைக்க இடமில்லை. பெரிய வண்டிகள் வரவேண்டும் என்று ராத்திரியோடு ராத்திரியாகப் பள்ளத்தில் கிராவல் கொட்டினார்கள். எரியாத தெருவிளக்கு எல்லாம் எரிந்தது. ஒரு அமைச்சர் வந்தார். அக்கா முன்னால் குனிந்து, "அரசாங்கம் இருக்கும்மா, நாங்க பார்த்துக்கறோம்" என்றார். மனசாரத்தான் சொன்னார் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

நாற்பது நாள் கழித்து மாமாவின் கறுப்பு ட்ரங்குப் பெட்டி வந்தது. மூடியில் வெள்ளை பெயின்டில் அவருடைய நம்பரும் பெயரும். யூனிட்டிலிருந்து கூட வந்த ஜவான் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பாதி தீர்ந்த ஷேவிங் க்ரீம், அக்கா பின்னிக் கொடுத்த மஃப்ளர், பையனுக்கென்று வாங்கி முடிச்சுப் போட்டு வைத்திருந்த ஒரு பொட்டலம் அக்ரூட். எல்லாவற்றுக்கும் அக்கா கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கு வீட்டில் நாங்கள் நாலு பேர்தான்.

வாக்குக் கொடுத்த வேலைக்கான உத்தரவு கைக்கு வர நாலு வருடம் ஆனது. யாரும் லஞ்சம் கேட்கவில்லை, யாரும் விரட்டவும் இல்லை. ராணுவ ரெக்கார்டில் அக்காவை வீட்டில் கூப்பிடும் பெயர், ஆதாரில் பள்ளிக்கூடப் பெயர். இரண்டும் ஒருத்திதான் என்று நிரூபிக்க ஒரு அலுவலகம் இன்னொன்றுக்கு எழுதியது, அது மூன்றாவதற்கு எழுதியது. நான் லீவு போட்டுவிட்டு அக்காவோடு பஸ் ஏறுவேன். "மேலிடத்துக்கு எழுதியிருக்கோம், வந்ததும் சொல்றோம்." இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை தடவை கேட்டோம் என்று கணக்கில்லை.

தலைவர்கள் வரவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டாவது நாள் வந்தவர் அறுபதாவது நாளும் வரவேண்டும். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, "எந்தக் காகிதம் எந்த மேசையில் நிற்கிறது?" என்று கேட்டால் போதும். எங்கள் விஷயத்தில் அந்த ஒரு கேள்வி நாலு வருடத்தை நாலு மாதமாக்கியிருக்கும். உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

பழைய சுபேதார்:

வாத்தியாருக்கு வணக்கம். நான் வேலூர் பக்கம் கம்மவான்பேட்டைக்குச் சொந்தக்காரன். எங்கள் ஊரில் பட்டாளத்துக்கு ஆள் போகாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால் இந்தச் சாவுகளை யூனிட் பக்கமிருந்தும் பார்த்திருக்கிறேன், வீட்டுப் பக்கமிருந்தும் பார்த்திருக்கிறேன்.

உங்கள் அக்காவுக்கு நடந்தது நூறு வீட்டில் நடக்கிறது. கல்யாணம், குழந்தை பிறப்பு எல்லாவற்றுக்கும் யூனிட்டில் பார்ட் டூ ஆர்டர், அதாவது ரெக்கார்டில் பதியும் உத்தரவு, போட வேண்டும். பையன் லீவில் வந்து கல்யாணம் செய்துகொண்டு போவான். அங்கே போனதும் கிளார்க் கேட்கும்போது வாய்க்கு வந்த பெயரைச் சொல்லிவிடுவான். உயிரோடு இருக்கும்வரை அதனால் ஒரு தொந்தரவும் கிடையாது. இறந்த பிறகு அந்த ஓர் எழுத்து மலையாகிவிடும். சேவையில் இருக்கும் தம்பிகள் யாராவது இதைப் படித்தால், அடுத்த லீவில் முதல் வேலையாக மனைவி பெயரை ரெக்கார்டிலும் ஆதாரிலும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, வெளியே பலருக்குத் தெரியாதது. டிவியில் எல்லாரையும் வீரமரணம் என்றுதான் சொல்கிறார்கள். ராணுவத்தின் காகிதத்தில் அந்தச் சொல் கிடையாது. அங்கே இருப்பது "பேட்டில் கேஷுவல்டி", அதாவது சண்டையில் ஏற்பட்ட இழப்பு, இல்லாவிட்டால் "பிசிகல் கேஷுவல்டி", அதாவது மற்ற காரணத்தால் ஏற்பட்ட இழப்பு. இந்த இரண்டில் எது என்பதில்தான் குடும்பத்தின் மீதி வாழ்க்கை இருக்கிறது. எதிரி தாக்குதலில் இறந்தால் லிபரலைஸ்டு ஃபேமிலி பென்ஷன், அதாவது கடைசியாக வாங்கிய சம்பளம் முழுவதும் பென்ஷனாக வரும். பணியால் ஏற்பட்ட மரணம் என்று ஒப்புக்கொண்டால் ஸ்பெஷல் ஃபேமிலி பென்ஷன், 60 சதவீதம். பணிக்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை என்று எழுதிவிட்டால் சாதாரண ஃபேமிலி பென்ஷன், அது போகப்போக 30 சதவீதத்துக்கு இறங்கிவிடும். மத்திய அரசின் கருணைத் தொகையும் அப்படித்தான். 2016 முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, சூழ்நிலையைப் பொறுத்து 25 லட்சம், 35 லட்சம், 45 லட்சம்.

இதை முடிவு செய்வது கோர்ட் ஆஃப் என்கொயரி, ராணுவத்துக்குள்ளேயே நடக்கும் விசாரணை. அது முடிய மாதங்கள் ஆகும். மலர்வளையம் வைத்துவிட்டுப் போன எம்.பி., டில்லியில் அந்த என்கொயரி முடிந்ததா, என்ன எழுதினார்கள் என்று ஒரு கடிதம் போட்டுக் கேட்டால் அதுதான் நான் மதிக்கும் மரியாதை.

கொடி விஷயமும் சொல்லிவிடுகிறேன். பெட்டிமேல் போர்த்திய தேசியக் கொடி குழிக்குள் போகக் கூடாது, சிதையில் எரியவும் கூடாது. அதை எடுத்து, மடித்து, மனைவி கையிலோ தாய் கையிலோ கொடுக்க வேண்டியது படை. ஓர் ஊரில் அந்த நேரம் பார்த்து ஒரு கட்சிக்காரர் இடையில் கை நீட்டினார். எங்கள் கர்னல் ஒன்றும் பேசவில்லை. அவரைச் சுற்றிக்கொண்டு நடந்து போய் அந்தப் பெண்ணின் மடியில் கொடியை வைத்தார்.

தெற்கு வீதி:

அக்ரூட் பொட்டலத்தைப் படித்த பிறகு மேலே போக முடியவில்லை வாத்தியாரே. பையன் இப்போது என்ன செய்கிறான்?

செங்கம் வாத்தியார்:

டிப்ளமா முடித்துவிட்டு ஓசூரில் வேலை பார்க்கிறான். பட்டாளத்துக்குப் போகிறேன் என்று நின்றான். அக்கா வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனால் மூன்று நாள் சாப்பிடவில்லை. அவனே விட்டுவிட்டான்.

முன்னாள் நிருபர்:

பதினெட்டு வருடம் மாவட்ட நிருபராக இருந்தேன். இந்த மாதிரி சடங்குகள் ஏழெட்டுக்குப் போயிருக்கிறேன். தலைவர்களை மட்டும் குறை சொல்வது சரியாக இருக்காது. அமைச்சர் மாலை வைக்கும் படம் இல்லாமல் ஆபீசுக்குத் திரும்ப முடியாது, அதனால் அவர் வரும்வரை நாங்கள் காத்திருப்போம். நாங்கள் காத்திருக்கிறோம் என்பதால் சடங்கும் காத்திருக்கும். வெயிலில் அந்தத் தாய் காத்திருப்பார். இதில் எனக்கும் பங்கு இருக்கிறது, அது இன்னும் உறுத்துகிறது.

2023 நவம்பரில் ஆக்ராவில் நடந்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ரஜோரியில் இறந்த இளம் கேப்டன் ஒருவரின் வீட்டுக்கு மாநில அமைச்சர் காசோலையோடு வந்தார். கதறிக்கொண்டிருந்த தாயின் கையில் அதைக் கொடுத்துப் படம் எடுக்கப் பார்த்தார்கள். இதைக் கண்காட்சி ஆக்காதீர்கள் என்று அந்தத் தாய் அழுதுகொண்டே சொன்னது நாடு முழுக்கப் போனது. பணம் கொடுத்ததில் தப்பில்லை. அதை வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு வீட்டுக்கு வெறுங்கையோடு வந்து, பக்கத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருக்கலாம்.

இந்த இறுதிச்சடங்குக் கூட்டமே கார்கிலுக்குப் பிறகு வந்ததுதான். 1965, 1971 போர்களில் இறந்தவர்களைப் பெரும்பாலும் களத்திலேயே எரித்துவிடுவார்கள் அல்லது புதைத்துவிடுவார்கள். வீட்டுக்குத் தந்திதான் வரும். 1999இல் தான் உடல்களைச் சொந்த ஊருக்கு அனுப்புவது என்று முடிவானது. நம் நாட்டுப் போர்களில் டிவியில் பார்த்த முதல் போரும் அதுதான். 527 பேர் இறந்தார்கள். திருச்சிக்காரர் மேஜர் சரவணன் 1999 மே 29 அன்று கார்கில் பகுதியின் படாலிக்கில் விழுந்தார். சண்டை ஓயாததால் மலைமேலிருந்து உடலைக் கீழே கொண்டுவரவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த நாட்களில் அந்த வீட்டில் எப்படிச் சோறு இறங்கியிருக்கும்?

உடல் வீட்டுக்கு வருவது பெரிய ஆறுதல், அதில் சந்தேகமில்லை. ஆனால் உடலோடு மேடையும் வந்துவிட்டது. படைவீரர்களின் படங்களைத் தேர்தல் விளம்பரத்தில் போடாதீர்கள் என்று தேர்தல் ஆணையம் 2013இல் சொன்னது. புல்வாமா தாக்குதல், பாலகோட் விமானத் தாக்குதலுக்குப் பிறகு 2019 மார்ச்சில் மறுபடியும் சொல்ல வேண்டி வந்தது.

எதிர்க்கேள்வி:

எல்லாரும் ஒரே பக்கம் பேசுவதால் மறுபக்கத்தை நான் கேட்கிறேன், கோபப்படாதீர்கள். தலைவர் வந்தால் விளம்பரம் என்கிறீர்கள். வராமல் இருந்தால் என்ன சொல்வீர்கள்? "ஒரு முதல்வருக்கு எட்டிப் பார்க்க நேரமில்லையா" என்று இதே ஆட்கள்தான் கேட்பார்கள். என் பெரியப்பா பையன் இறந்தபோது கலெக்டர் வந்தார். அந்த ஒரு விஷயத்தைப் பெரியம்மா சாகும்வரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அது பொய்யான ஆறுதல் இல்லை.

இன்னொரு கேள்வி. சாக்கடைக்குள் இறங்கி விஷவாயுவில் சாகிறவனும் இந்த நாட்டுக்காகத்தான் சாகிறான். அந்தக் குடும்பத்துக்கு 30 லட்சம் கொடுக்கச் சொல்லி 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது. அவன் வீட்டுக்கு எந்த அமைச்சர் போகிறார்? ராணுவ வீரனின் உயிருக்கு மட்டும் தனி எடை ஏன்?

பழைய சுபேதார்:

தம்பி கேட்டது நியாயம். சாக்கடையில் இறங்கியவனுக்கும் அமைச்சர் போக வேண்டும். அவனுக்குப் போகவில்லை என்பதால் இவனுக்குப் போவது தப்பாகாது.

தனி எடை ஏன் என்றால் ஒன்றுதான் எனக்குத் தெரியும். "போ" என்று உத்தரவு வந்த பிறகு, போகமாட்டேன் என்று சொல்லும் உரிமை எங்களுக்குக் கிடையாது. அந்த உத்தரவு கடைசியில் ஒரு அரசியல் தலைவரின் கையெழுத்திலிருந்துதான் கிளம்புகிறது. அனுப்பியவருக்குப் பொறுப்பு உண்டு இல்லையா?

செங்கம் வாத்தியார்:

எதிர்க்கேள்வி நண்பரின் பெரியம்மா விஷயம் எனக்குப் புரிகிறது. அக்காவும் அந்த அமைச்சரைப் பற்றித் தப்பாக ஒரு சொல் சொன்னதில்லை. நான்தான் சொல்கிறேன்.

எனக்கு ரொம்ப நாளாக உறுத்துவது "கருணைத் தொகை" என்ற சொல். யாருக்கு யார் காட்டும் கருணை? வீட்டுப் பெண்களுக்கு மாதாமாதம் கொடுக்கும் பணத்துக்கு "மகளிர் உரிமைத் தொகை" என்று நம் தமிழ்நாட்டில் அழகாகப் பெயர் வைத்தார்கள். உயிரைக் கொடுத்தவன் வீட்டுக்குக் கொடுப்பது மட்டும் இன்னும் கருணையாகவே இருக்கிறது.

எங்கள் செங்கம் பக்கம் நடுகல் நிறைய. பல்லவர் காலத்துக் கல்லெல்லாம் வயலோரத்தில் நிற்கும். மாட்டை மீட்கப் போய் "பட்டான்", அதாவது இறந்தான், என்று எழுதியிருக்கும். எடுத்தனூரில் ஒரு கல் இருக்கிறது, மகேந்திரவர்மன் காலத்தது. அதில் வீரனோடு சேர்த்து அவனுடைய நாய்க்கும் உருவம் உண்டு, கோவிவன் என்று பெயரும் வெட்டியிருக்கிறார்கள். கள்ளர்களைக் கடித்து நின்ற நாய். என் வகுப்புப் பிள்ளைகளை ஒரு தடவை அங்கே கூட்டிப்போனேன். "சார், நாய் பேர் கூட மறக்கலையா?" என்று ஒரு பொண்ணு கேட்டது.

அந்தக் கல்வெட்டுகளிலும் பெரும்பாலும் முதல் வரியில் ராஜாவின் பெயரும் ஆட்சியாண்டும்தான் வரும். வீரன் பெயர் அதற்குப் பிறகுதான். ஆகத் தலைவர்கள் தங்கள் பெயரை முன்னால் போட்டுக்கொள்வது இன்றைக்குப் புதிதாக வந்ததில்லை. ஆனால் அந்தக் காலத்தில் இறந்தவன் குடும்பத்துக்கு நிலம் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. அதற்குப் பெயர் உதிரப்பட்டி. நெய்த்தோர்ப்பட்டி என்றும் சொல்வார்கள், நெய்த்தோர் என்றாலும் ரத்தம்தான். கருணை என்று அதற்குப் பெயர் வைக்கவில்லை. ரத்தம் சிந்தியதற்கான நிலம் என்று நேராகச் சொன்னார்கள். ராஜாவின் பெயர் முதலில் இருந்துவிட்டுப் போகட்டும், பின்னாலேயே நிலமும் வந்தது.

முன்னாள் நிருபர்:

நிலம் என்றதும் லடாக்கில் சீனப் படையோடு நடந்த கல்வான் மோதல் ஞாபகம் வருகிறது. 2020 ஜூன் 15 இரவு, ஒரே இடத்தில் 20 பேர் இறந்தார்கள். அவர்களில் கர்னல் சந்தோஷ் பாபு தெலங்கானாவின் சூரியாபேட்டைக்காரர். நம் ஹவில்தார் பழனி ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூர். இருவருக்கும் பிறகு வீர விருதுகள் கிடைத்தன, கர்னலுக்கு மகாவீர் சக்ரா, பழனிக்கு வீர் சக்ரா.

அன்றைய தெலங்கானா முதல்வர் சந்திரசேகர ராவ் சூரியாபேட்டை வீட்டுக்கே போனார். 5 கோடி ரூபாய், ஹைதராபாத் பஞ்சாரா ஹில்ஸில் 711 சதுர கஜம் மனை, மனைவிக்குத் துணை ஆட்சியர் பதவி. அந்த 5 கோடியில் 4 கோடி மனைவிக்கு, 1 கோடி பெற்றோருக்கு என்று அங்கேயே பிரித்துக் கொடுத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பிரிவினைதான். பிறகு மருமகளும் மாமியாரும் கோர்ட் படி ஏறுகிற வேலை இல்லை. மற்ற 19 குடும்பங்களுக்கும் ஆளுக்கு 10 லட்சம் அறிவித்தார்கள். பழனி குடும்பத்துக்கு நம் அரசு அறிவித்தது 20 லட்சமும் ஒருவருக்கு அரசு வேலையும்.

கர்னல் குடும்பத்துக்குக் கிடைத்ததில் எனக்கு ஒரு துளி பொறாமையும் இல்லை, இன்னும் கொடுத்தாலும் தகும். ஆனால் டில்லியில் 1 கோடி, பஞ்சாபில் 1 கோடி, இங்கே ஒரு தொகை, வேறு மாநிலத்தில் வேறு தொகை. ஒரே குளிரில், ஒரே ஆற்றங்கரையில் ஒரே இரவில் விழுந்தவர்கள். எந்த மாநில எல்லைக்குள் பிறந்தார்கள் என்பது கணக்கை மாற்றலாமா? எல்லா முதல்வர்களும் ஒரு தடவை கூடிக் குறைந்தபட்சம் இவ்வளவு என்று ஒரு தொகையை முடிவு செய்தால் என்ன?

கலெக்டர் ஆபீஸ் ஊழியர்:

நான் வருவாய்த் துறையில் வேலை பார்க்கிறேன். எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். மேடையில் "குடும்பத்தில் ஒருவருக்கு அரசு வேலை" என்று அறிவிப்பது அரை நிமிட வேலை. எந்தத் துறையில், எந்தப் பதவி, என்ன படிப்பு, அந்தப் பெண் எட்டாம் வகுப்பு என்றால் எதில் போடுவது, மனைவிக்கா தம்பிக்கா, இதெல்லாம் அந்த அறிவிப்பில் இருக்காது. எழுத்தில் எங்களுக்கு வரும்போது அதில் பாதி இருக்கும், மீதிக்கு நாங்கள் திரும்ப எழுதிக் கேட்க வேண்டும். கேட்காமல் செய்தால் தணிக்கையில் எங்கள் தலைதான் உருளும்.

வாரிசுச் சான்று மூன்று நாளில் கொடுத்த தாசில்தாரையும் பார்த்திருக்கிறேன். அவர் வீட்டுக்கே போய் விசாரணையை முடித்து, கையோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். விதி எல்லாருக்கும் ஒன்றுதான். அவருடைய அண்ணன் பட்டாளத்துக்காரர் என்பது பிறகுதான் தெரிந்தது.

அறிவிக்கும் தலைவர் அந்த மேடையிலேயே ஒரு அதிகாரியின் பெயரைச் சொல்லி, "இவர்தான் இந்தக் குடும்பத்துக்குப் பொறுப்பு, எல்லாக் காகிதமும் முடியும்வரை இவர்தான் அலைய வேண்டும்" என்று உத்தரவு போட்டால் எங்களுக்கும் நிம்மதி. குடும்பம் நடக்கத் தேவையில்லை, நாங்கள் நடப்போம்.

சி.ஆர்.பி.எஃப். மகள்:

எல்லாரும் ராணுவம் ராணுவம் என்று பேசுகிறீர்கள். எங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் அப்பா சி.ஆர்.பி.எஃப்., அதாவது மத்திய ரிசர்வ் போலீஸ் படை. சத்தீஸ்கரில் கண்ணிவெடியில் இறந்தார். எங்கள் ஊரில் கல்வெட்டு வைத்தபோது "ராணுவ வீரர்" என்றுதான் வெட்டினார்கள். அப்பா இருந்திருந்தால் திருத்தச் சொல்லியிருப்பார். சி.ஆர்.பி.எஃப். என்று சொல்லிக்கொள்வதில் அவருக்கு அவ்வளவு பெருமை.

நாங்கள் உள்துறையின் கீழ் வருகிறோம், பாதுகாப்புத் துறையின் கீழ் இல்லை. அதனால் அம்மாவை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போகச் சொல்லி யாரோ அனுப்பி, அங்கே போனால், "இது உங்களுக்கு இல்லம்மா" என்றார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, விதி அப்படி. ஆனால் வேகாத வெயிலில் இரண்டு பஸ் மாறிப் போன அம்மாவுக்கு அது எப்படி இருந்திருக்கும்? 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் இறந்த 40 பேரும் சி.ஆர்.பி.எஃப். தான். அதில் அரியலூர்க்காரர் ஒருவர், தூத்துக்குடிக்காரர் ஒருவர். அன்றைக்கு எல்லாத் தலைவர்களும் எங்கள் படையின் பெயரைச் சொன்னார்கள்.

பொதுமக்கள் நேராகப் பணம் அனுப்ப 2017இல் "பாரத் கே வீர்" என்ற தளம் தொடங்கினார்கள். ஒரு குடும்பத்துக்கு 15 லட்சம் சேர்ந்ததும் அடுத்த குடும்பத்துக்குக் கொடுங்கள் என்று சொல்லும் ஏற்பாடு அதில் இருக்கிறது. அது நல்ல ஏற்பாடு. பெரிய செய்தியாகாமல் தனியாக இறந்தவர்கள் பக்கமும் பணம் போகும்.

எனக்கு வேலைக்கு அம்மா கொடுத்த மனு இன்னும் ஓர் அலுவலகத்தில் நிற்கிறது. பெயர் சொல்ல விரும்பவில்லை.

எதிர்க்கேள்வி:

தங்கச்சி, என் முதல் பதிவில் நான் கேட்ட தொனிக்கு வருத்தப்படுகிறேன். சுபேதார் ஐயா, நாலு வருடத்துக்கு மட்டும் ஆள் எடுக்கும் அக்னிவீர் திட்டத்தில் சேர்ந்தவர் இறந்தால் என்ன கிடைக்கும்? 2024 ஜூலையில் பார்லிமென்டில் பெரிய சண்டையே நடந்ததே.

பழைய சுபேதார்:

பணத்தைப் பொறுத்தவரை குறைவென்று சொல்ல முடியாது. காப்பீடு 48 லட்சம், பணியில் இறந்தால் 44 லட்சம் கருணைத் தொகை, மீதி இருக்கும் மாதங்களின் சம்பளம், சேவா நிதி என்று சேர்ந்திருக்கும் பணம். எல்லாம் சேர்த்தால் ஒரு கோடியைத் தாண்டும். இல்லாதது ஒன்றுதான், குடும்ப பென்ஷன். ஒரே பங்கரில் படுத்திருக்கும் இரண்டு பையன்கள், ஒரே ஷெல். ஒருவன் தாய்க்கு ஆயுள் முழுக்க மாதம் பிறந்தால் பணம் வரும், இன்னொருவன் தாய்க்கு வராது. மொத்தமாக வரும் பணம் சொந்தக்காரன் கண்ணை உறுத்தும், மாதாமாதம் வருவது சோறு போடும். அந்த பென்ஷனையும் கொடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

இவ்வளவு பேசியதால் நெஞ்சுக்குள் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். 1987இல் நான் பட்டாளத்துக்குப் போய் இரண்டு வருடம்கூட ஆகவில்லை, இந்திய அமைதிப்படையில் இலங்கை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். தமிழ் பேசுகிற எனக்குத் தமிழ் பேசுகிற ஊரில் துப்பாக்கியோடு டியூட்டி. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அங்கே இழந்தோம். மேஜர் பரமேஸ்வரன், 1987 நவம்பர் 25இல் இறந்தவர், நம் தமிழர்தான். பரம்வீர் சக்ரா கொடுத்தார்கள். சென்னை அரும்பாக்கத்தில் ராணுவக் குடியிருப்புக்கு அவர் பெயர் இருக்கிறது. அந்த வழியாகப் போகிற எத்தனை பேருக்கு அது யார் என்று தெரியும்?

1990 மார்ச்சில் கடைசி அணி திரும்பியபோது, அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்பில் கலந்துகொள்ளவில்லை. ஈழத்தமிழர்கள் மேல் கை வைத்த படையை வரவேற்க மாட்டேன் என்பது அவர் எடுத்த நிலை. அந்தப் போரை அவர் எதிர்த்தது அவர் கொள்கை, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எங்களை அங்கே அனுப்பியது யார்? நாங்களாகப் போனோமா? என் பக்கத்துக் கட்டில் பையன், தேனிப் பக்கத்துக்காரன், திரும்பி வரவில்லை. அவன் சட்டையைத் துவைத்துக் கயிற்றில் போட்டுவிட்டு ரோந்துக்குப் போனான். சாயங்காலம் அதை எடுத்து மடித்து அவன் பெட்டியில் வைத்தது நான். அவன் அம்மாவிடம் போய், உன் மகன் செத்த போர் எங்களுக்குப் பிடிக்காத போர் என்று யாராவது சொல்ல முடியுமா?

வலிகாமத்தான்:

சுபேதார் ஐயா, நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன், இப்ப கனடாவில் இருக்கிறன். உங்கட பதிவை இரண்டு தரம் வாசிச்சன். கோபம் வந்தது, பிறகு அடங்கினது. 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள், யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள்ள என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நோயாளிகள், வைத்தியர்கள், தாதிமார் என்று அறுபது பேருக்கு மேல் அமைதிப்படை சுட்டுச் செத்தவை. அதில எங்கட அயல் வீட்டு அன்ரி ஒராள். பலாலியில இருக்கிற அமைதிப்படை நினைவிடத்தில் என்னால பூ வைக்க ஏலாது. அதை நீங்கள் என்னிட்ட எதிர்பார்க்கவும் கூடாது.

ஆனால் நீங்கள் அந்தச் சட்டையை மடிச்ச கதையில எனக்கு ஒரு கேள்வியும் இல்லை. அந்தத் தேனி அம்மாவுக்குப் பென்ஷன் ஒழுங்காக வந்ததோ? அதைத்தான் அறிய விரும்புறன். எங்கட பக்கத்திலயும் பிள்ளையைக் குடுத்த தாய்மார் இருக்கினம். பிள்ளை புதைச்ச இடத்தைக்கூட இலங்கை ஆமி இடிச்சுப் போட்டாங்கள். ஒரு விளக்குக் கொளுத்த இடம் இல்லாமல் ஒரு தாய் நிக்கிறது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பழைய சுபேதார்:

தம்பி, அந்த ஆஸ்பத்திரி விஷயத்தில் நான் சொல்ல ஒன்றும் இல்லை. நான் அப்போது அங்கே இல்லை என்று சொல்லித் தப்பிக்கவும் மாட்டேன். உங்கள் அயல் வீட்டு அம்மாவை நினைத்துக்கொள்கிறேன்.

அவன் அம்மாவுக்குப் பென்ஷன் வந்தது. தாமதமாக வந்தது, ஆனால் வந்தது. அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதனால் அம்மாவுக்கே. 2011இல் அவரும் போய்விட்டார்.

கல்வெட்டு வாசகி:

மனைவிமார் பற்றி ஒன்று சேர்க்க விரும்புகிறேன். வீர விருதுக்கான மாதப் படி, கணவனை இழந்தவர் மறுமணம் செய்தால் நின்றுவிடும், கணவரின் தம்பியையோ அண்ணனையோ மணந்தால் மட்டும் தொடரும் என்று ஒரு விதி பல வருடம் இருந்தது. 2017 நவம்பரில்தான் அதை எடுத்தார்கள். இருபத்துமூன்று வயதில் விதவையானவளிடம் "கொழுந்தனைக் கட்டிக்கோ, பணம் வீட்டைவிட்டுப் போகாது" என்று சொல்ல அரசே ஒரு காரணம் கொடுத்துவைத்திருந்தது.

அதே 2017இல் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு மாதம் 10,000 ரூபாய் என்று உச்சவரம்பு போட்டார்கள். அதுவரை கல்விக் கட்டணம் முழுவதும் அரசு கட்டியது. கடற்படைத் தளபதியே எதிர்த்துக் கடிதம் எழுதினார். 2018 மார்ச்சில் உச்சவரம்பை நீக்கினார்கள். சத்தமில்லாமல் ஒரு வரியில் எடுத்துவிடுவதும், சத்தம் போட்டால் திரும்பக் கொடுப்பதும். இந்த மாதிரி வரிகள் வரும்போது நம் எம்.பி.க்கள் படித்துவிட்டு எழுந்து நின்றார்களா என்பதை வைத்துத்தான் அவர்கள் வைத்த மலர்வளையத்தை நான் மதிப்பிடுவேன்.

செங்கம் வாத்தியார்:

எல்லாருக்கும் நன்றி. வலிகாமத்தான் தம்பிக்கும் சுபேதார் ஐயாவுக்கும் தனியாக. அந்த இரண்டு பதிவையும் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து போய் ட்ரங்குப் பெட்டியின் மேலிருந்த தூசியைத் துடைத்தாள்.

சி.ஆர்.பி.எஃப். மகளுக்கு: நீ எந்த மாவட்டம் அம்மா? எங்கள் மாவட்டமாக இருந்தால் நான் கூட வருகிறேன். நாலு வருடம் அலைந்ததில் எந்த அறையில் எதைக் கேட்க வேண்டும் என்று எனக்கு மனப்பாடம்.

சி.ஆர்.பி.எஃப். மகள்:

தண்டராம்பட்டு பக்கம் சார். நீங்கள் நிஜமாகவே வருவீர்களா?

கலெக்டர் ஆபீஸ் ஊழியர்:

மனுவின் நகலும் ஒப்புகைச் சீட்டும் இருந்தால் கண்டிப்பாகக் கொண்டுபோங்கள். ஒப்புகை எண் இருந்தால் எந்த இருக்கையில் நிற்கிறது என்று பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். உள்ளே விட மறுத்தால் இங்கே எழுதுங்கள், யாரிடம் பேச வேண்டும் என்று சொல்கிறேன்.

செங்கம் வாத்தியார்:

வருகிறேன் அம்மா. வர்ற திங்கள் மனு நாள். காலை ஒன்பதரைக்கு கலெக்டர் ஆபீஸ் வாசலில் இருப்பேன், அக்காவும் வருகிறாள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா. அப்பாவின் சர்வீஸ் காகிதம், வாரிசுச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு, உன் டி.சி. எல்லாவற்றிலும் அம்மா பெயர் எப்படி இருக்கிறது என்று இன்றைக்கே ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்.

சி.ஆர்.பி.எஃப். மகள்:

பார்த்துவிட்டேன் சார். அம்மா பெயர் எல்லாவற்றிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. ரேஷன் கார்டில் மட்டும் குடும்பத் தலைவர் என்ற இடத்தில் இன்னும் அப்பா பெயரும் போட்டோவும் இருக்கிறது. மாற்றச் சொல்லி இரண்டு தடவை சொன்னார்கள், அம்மா தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார். அதையும் எடுத்துக்கொண்டு வருகிறோம்.